படையலில் ஒரு பீச் பழம்

சோற்றுக் கிண்ணத்தின் நட்ட நடுவில் கரண்டியைக் குத்தி நிறுத்தினாள் மாமியார். செத்துப்போனவர்களுக்கு மட்டும்தான் அப்படி நிறுத்துவார்கள். கும்சுன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அறுவடைத் திருநாள் காலை. கடற்கரை முழுக்க மூடுபனி அப்பிக் கிடந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கணவாய் மீன் பிடிக்கப் போன அவள் புருஷன் தோக்பேயின் படகும் இதே மாதிரி ஒரு பனியில்தான் எல்லை தாண்டி வடக்கே ஒதுங்கியது. அதற்கப்புறம் ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை.

இந்த வருஷம்தான் முதல் தடவையாக அவன் பெயரைக் காகிதத்தில் எழுதிப் படையலுக்குப் பின்னால் ஒட்டியிருந்தாள் மாமியார். புது அரிசிச் சோறு, சேப்பங்கிழங்கு சூப், பூண்டும் மிளகாயும் படாத கீரை, கருவாடு, பேரிக்காய், இலந்தை, பைன் இலைமேல் அவித்த பிறைக் கொழுக்கட்டை. எல்லாம் கும்சுன் கையால் செய்ததுதான்.

மாமியாரின் கண் பேரிக்காய்க்குப் பக்கத்தில் போய் நின்றது.

"ஏண்டி, இது என்ன? பீச் பழமா? உனக்குப் புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா?"

"அவருக்குப் பிடிக்குமே, அத்தை."

"உசுரோட இருந்தப்போ பிடிச்சுது! பீச்னா ஆவிக்குப் பயம்னு பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியும். அது இருக்கிற படையல்ல வாய் வைக்காம, பசியோட நின்னு பார்த்துட்டுத் திரும்பிடும். மூணு வருஷமாப் பட்டினி கிடக்கான்டி என் புள்ள!"

"அவர் சாகல. செத்தவரா வர்றதுன்னா அப்படியே திரும்பிப் போகட்டும்."

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் வயித்துல பொறந்தவன்டி. எனக்கு மட்டும் ஆசையா?" என்றபடி பழத்தை எடுத்து அடுப்படிப் பக்கம் உருட்டிவிட்டாள். "போ, வாசக்கதவைத் திறந்து வை. அவன் வரட்டும்."

கும்சுன் கதவைத் திறந்தாள். திரும்பி வரும்போது பழத்தைப் பொறுக்கிப் பாவாடை மடிப்பில் ஒளித்துக்கொண்டாள். மாமியார் கோப்பையில் அரிசி மது ஊற்றிக்கொண்டிருந்தபோது அதை மறுபடியும் சூப் கிண்ணத்துக்குப் பின்னால் வைத்தாள்.

இருவரும் நெற்றி தரையில் படக் குனிந்தார்கள். செத்தவர் ஒன்பது வாய் சோறு உண்ணும் நேரம் அப்படியே இருக்க வேண்டும். உயிருள்ளவர் பார்வை பட்டால் வந்தவர் பாதியில் எழுந்து போய்விடுவாராம்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது.

பத்து வருஷமாக வருகிற தபால்காரர் மேலேயே பாய்கிற வீட்டு நாய் குரைக்கவில்லை. அதன் வால் மட்டும் பலகையில் தட் தட்டென்று அடித்தது.

"வந்துட்டான்..." மாமியார் கிசுகிசுத்தாள். "நாய் கண்ணுக்கு ஆவி தெரியும்டி. தலையைத் தூக்கிடாதே."

காலடி அறைக்குள் வந்தது. கூடவே உப்பும் ஈரமும் கலந்த கடல் வாடை. படையலுக்கு அந்தப் பக்கம் போய் அது நின்றுவிட்டது. அதற்குமேல் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு விம்முவதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

கும்சுனுக்குப் புரிந்துபோனது. அப்படியானால் ஊர் சொன்னதுதான் நிஜம். சாகவில்லை, சாகவில்லை என்று மூன்று வருஷமாக எல்லோரிடமும் மல்லுக்கு நின்றதெல்லாம் வீண்.

அவன் சாப்பிடாமல் நிற்கிறான். நல்ல நாளும் அதுவுமாக, வீடு தேடி வந்தவனைப் பசியோடு நிறுத்தியது அவள் வைத்த பழம். கட்டியவளே அவன் சோற்றை மறித்துவிட்டாள்.

போதும், சாப்பிட்டுவிட்டே போகட்டும் என்று முடிவு செய்தாள். நெற்றியைத் தரையிலிருந்து எடுக்காமலே, பழத்தை அப்புறப்படுத்தக் கையை நீட்டினாள். சூப் கிண்ணம் விரலில் பட்டது. அதற்குப் பின்னால் துழாவினாள்.

பழத்தைக் காணவில்லை. ஈரமாக ஒரு கொட்டைதான் தட்டுப்பட்டது.

தலைக்கு மேலே, வாய் நிறைய மென்றபடி ஒரு குரல் கேட்டது.

"பழத்தை நான் தின்னுட்டேன்டி."