தாழ்ப்பாள் இருக்கும் பக்கம்

2018 நவம்பர் 19, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம், மெல்லிய தூறல். புதுப்பித்த வீட்டின் பின்னறைக்கு உரிய பழைய தேக்குக் கதவு சுவரில் சாய்ந்திருந்தது. தச்சர் மரியதாஸ் தமிழாசிரியை மங்களேஸ்வரியிடம் கையொப்பத்துக்கு வேலைத்தாளை நீட்டினார். அதில் ‘தாழ்பாள் வெளிபுறம்’ என்றிருந்தது.

“முன்னே இருந்தபடியே மாட்டணும்னு உங்க அண்ணன் சொன்னாரு.”

“வீடு இப்போ என்னுடையது. திருப்பி மாட்டுங்க.”

“திருப்பினா பூவேலை உள்பக்கம் போயிடுமேக்கா. யாரு பார்ப்பாங்க?”

“நான். பத்தொன்பது வயசுல ஏழு மாசம் உள்ளேயிருந்து மொட்டைப் பலகையைத்தான் பார்த்தேன்.”

மரியதாஸ் பேனாவைத் திறந்து கொடுத்தார்.

மங்களேஸ்வரி முதலில் இரு சொற்களிலும் விடுபட்ட ‘ப்’ என்னும் ஒற்றை இட்டார். பிறகு ‘வெளிப்புறம்’ என்பதை அடித்து, ‘உட்புறம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தாளை அவரிடம் கொடுத்தார்.