சனிக்கிழமைப் புடவை

கத்தரிக்கோல் முந்தானை நுனியில் வந்து நின்றது.

"என்ன சார், இதுல முடிச்சு போட்டிருக்கு?" என்றார் நூலகர் பொற்கொடி.

அவன் அப்போதுதான் பார்த்தான். பச்சைப் பருத்திப் புடவை. இது இந்தப் பையில் இருக்கக் கூடாது.

அவனுடைய அக்காதான் மூட்டை கட்டினாள். அவன் பிரித்துப் பார்க்கவில்லை. நாளை காலை மினி லாரி வருகிறது. வீட்டைக் காலி செய்கிறான்.

கிளை நூலகத்தின் வாசலில் பலகை வைத்திருந்தார்கள். பங்குனி மாத நிகழ்ச்சிகள். கதை நேரம். விதைப் பரிமாற்றம். பொம்மலாட்டப் பயிற்சி: பழைய பருத்திப் புடவைகள் கொடுத்து உதவவும்.

கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று வந்தான். யாருடைய புடவைகள் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பொற்கொடி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். முடிச்சுக்குள் நகத்தை நுழைத்தார்.

வேண்டாம் என்று சொல்ல நினைத்தான்.

"மிஸ், அவுக்காதீங்க!"

பாயில் உட்கார்ந்து பொம்மைத் தலைகளுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த குழந்தைகளில் ஒருத்தி எழுந்து நின்றாள். கையெல்லாம் சிவப்பு.

"அது வேணி அக்கா சேலை. கதை அதுக்குள்ள இருக்கு."

பொற்கொடி நகத்தை எடுத்துவிட்டார். முதல்முறையாக அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தார். வேணியின் கணவன் என்று இப்போது அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஷிஃபா, உக்காரும்மா." பிறகு அவனிடம், மெல்ல: "கதைய பாதியில நிறுத்திருவாங்க சார். அப்பத்தான அடுத்த வாரமும் பிள்ளைங்க வருவாங்க. நிறுத்துன இடத்துல முந்தானையில ஒரு முடிச்சு. அடுத்த சனிக்கிழமை அதே சேலையக் கட்டிட்டு வந்து, எல்லார் முன்னாடியும் அவுத்தாத்தான் மீதிக் கதை."

அவனுக்கு இது தெரியாது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. வேணி நூலகத்திலிருந்து வீட்டுக்கு வந்தாள். தலை வலிக்கிறது என்று படுத்தாள். அவன் பக்கத்து அறையில் அலுவலக போனில் இருந்தான். பேசிவிட்டு வந்தபோது அவள் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் புடவையைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். நுனியில் முடிச்சு.

வலியில் முறுக்கியிருக்கிறாள் என்று நினைத்தான். கூப்பிட முடியாமல். சுவருக்கு அந்தப் பக்கம்.

இத்தனை மாதமும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

கையை நீட்டினான். பொற்கொடி புடவையைக் கொடுத்தார்.

"எந்த இடத்துல நிறுத்துனா?" என்று கேட்டான்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"தூக்கணாங்குருவிக் கதை!"

"ஆம்பளக் குருவி கூடு கட்டிருச்சு. பொம்பளக் குருவி உள்ள வந்து பாத்துச்சு. நல்லாருக்குன்னுச்சு."

"போடி, வாசல் சின்னதா இருக்குன்னுச்சு."

"அப்புறம் மழையில வெளிய போச்சு. இந்தா வந்துர்றேன்னுட்டு."

"அதோட முடிச்சு போட்டுட்டாங்க."

ஷிஃபா உட்காரவே இல்லை.

"திரும்பி வந்துச்சா அங்கிள்?"

கொஞ்சம் பெரிய பெண் ஒருத்தி அவளை முழங்கையால் இடித்தாள். பெரியவளுக்கு விஷயம் தெரியும்.

ஷிஃபா விடவில்லை. "வந்துச்சா?"

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. லாரிக்காரர். அவன் எடுக்கவில்லை.

பாயில் உட்கார்ந்தான்.

முடிச்சு அசையவில்லை. அக்கா அவிழ்க்காமலே துவைத்திருக்கிறாள். தண்ணீர் பட்டு இறுகியிருந்தது. நகம் நுழையவில்லை. குனிந்து பல்லால் கடித்தான். யாரும் சிரிக்கவில்லை.

அவிழ்ந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை. துணி மட்டும் அங்கே வெளுக்காமல் இருந்தது. புதுப் பச்சை.

அதைத் தடவிவிட்டான்.

"மழை விடல," என்றான்.

குழந்தைகள் நகர்ந்து பக்கத்தில் வந்தார்கள்.

"கூட்டுல ஆம்பளக் குருவி மட்டுந்தான் இருந்துச்சு. ராத்திரி ஆச்சு. விடிஞ்சுது. அது வாசல்லயே உக்காந்திருந்துச்சு."

"சாப்பிட்டுச்சா?"

"இல்ல. அப்புறம், இந்தக் கூடு நமக்கு எதுக்குன்னு அதுக்குத் தோணுச்சு. நார் நாரா உருவிக் கீழ போட ஆரம்பிச்சுது."

"ஐயோ."

"பாதி உருவிருச்சு. அப்ப வாசல் பக்கம் ஒரு சத்தம்."

"என்ன சத்தம்?"

அவனுக்குத் தெரியவில்லை.

எல்லாக் கண்களும் அவன் வாயில் இருந்தன. பொற்கொடியும் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அவன் புடவை நுனியை எடுத்தான். பழைய மடிப்பு இருந்த இடத்திலேயே சுற்றி, ஒரு முடிச்சு போட்டான்.

"ஏய், அநியாயம்!"

"அங்கிள், சொல்லிட்டுப் போங்க!"

"வேணி அக்காவ விட இவரு மோசம்டி."

ஷிஃபா முடிச்சை இழுத்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். "இது லூசா இருக்கு. வீட்டுக்குப் போறதுக்குள்ள அவுந்துரும்."

அவளே இரண்டு கையாலும் இழுத்து இறுக்கினாள். பச்சையில் சிவப்பு விரல்கள் பதிந்தன.

"மத்த சேலையெல்லாம் வெட்டிரலாமா சார்?" என்றார் பொற்கொடி.

"வெட்டுங்க."

"இது?"

அவன் அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "சனிக்கிழமை கொண்டு வர்றேன்."

வெளியே வெயில். வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது. போன் மறுபடி அடித்தது.

கூட்டு வாசலில் என்ன சத்தமாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே எடுத்தான்.

"அண்ணே," என்றான். "நாளைக்கு வர வேண்டாம்."