ஒரே வகுப்பு, வேறு எழுத்து

கணவர் தயாளன் பிசினஸ் கிளாசில் டிக்கெட் எடுத்த நாளிலிருந்து வசுமதிக்குக் கால் தரையில் பாவவில்லை. மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டுச் சேர்ந்தே திரும்புவதாக ஏற்பாடு. விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் போர்டிங் பாஸ்களை வாங்கியவள், தன்னுடையதில் ‘இசட்’ என்றும் அவருடையதில் ‘ஜே’ என்றும் இருப்பதைப் பார்த்துவிட்டாள்.

“இது என்ன எழுத்தும்மா?”

“சீட் ஒரே மாதிரிதான் மேடம், டிக்கெட் வகைதான் வேற. சார் திரும்பி வர்ற தேதியை எப்ப வேணா மாத்திக்கலாம். உங்களுக்கு மாத்த முடியாது,” என்றாள் கவுண்டர் பெண்.

“ஆபீஸ்ல போட்டுக் கொடுத்தது. எனக்கென்ன தெரியும்?” என்றார் தயாளன், ஓய்வு பெற்று இரண்டு வருஷமான மனிதர்.

“என்னோடதையும் அவர் எழுத்துக்கே மாத்திடும்மா, கூடுதல் பணத்தை நான் கட்டிடறேன்,” என்றாள் வசுமதி.

“வேண்டாம்!”

தயாளன் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. வசுமதி நிமிரவில்லை. கைப்பையைத் திறந்து கிரெடிட் கார்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.