நெற்றிக்காசு

'ணங்'கென்று கேட்க வேண்டிய சத்தம், 'தொப்'பென்று கேட்டது.

பிணம் இன்னும் பாடையைவிட்டு இறங்கவில்லை. அதற்குள் நெற்றியிலிருந்த ரூபாயை எடுத்து, கல்லில் போட்டுப் பார்த்துவிட்டான் வெட்டியான் ராசையா.

"அடப்பாவி! பொணத்த எரிக்கறதுக்கு முன்னாடியே காசத் தட்டிப் பாக்கறான் பாரு!" கூட்டத்தில் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இப்பல்லாம் ஈயத்த வச்சு ஏமாத்தறாங்கோ நைனா, அதான். இதுவும் வெள்ளி இல்ல. சத்தமே வரல பாரு."

கொள்ளி வைக்க நின்ற மகன் தண்டபாணிக்குத் திக்கென்றது.

நெற்றிக்காசு வெட்டியானுக்குச் சேர வேண்டியது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அவன் அப்பா எத்திராஜ், "என் நெத்தியில ராணி தலை போட்ட வெள்ளி ரூபாதான் வைக்கணும்" என்று சொல்லிச் சொல்லியே கண்ணை மூடினார். அதை இடுப்பு முடிச்சிலேயே வைத்திருந்தார் மனுஷன்.

நிக்கல் ரூபாய் வந்த பிறகு பழைய வெள்ளிக்கு இருக்கிற கிராக்கி என்ன! அதைப் போய்ச் சுடுகாட்டுக்கா கொடுப்பது? ஒரே பிள்ளை தண்டபாணி காலையிலேயே கைவரிசையைக் காட்டிவிட்டான். அப்பாவின் ரூபாய் இப்போது அவன் இடுப்பில். நெற்றியில் இருந்தது, பழைய சாமான் கடையில் வாங்கிய ஈயக்காசு. அதே ராணி, அதே கிரீடம்.

ஊர் முன்னால் மாட்டிக்கொண்டால் மானம் போய்விடுமே! குரலை உயர்த்தினான்.

"இன்னாடா சொன்ன? பெத்த அப்பனுக்கு ஈயத்த வைப்பேனா நானு?"

பளாரென்று ஓர் அறை. ராசையா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தாய்மாமன் மாரியப்பன் குறுக்கே வந்தார். "அட, சண்டை எதுக்கு? காசு நெத்தியிலயே கெடக்கட்டும். ஈயம்னா நெருப்புல உருகிப் பூடும். வெள்ளின்னா நாளைக்கு சாம்பல்ல கெடைக்கும். அப்ப எடுத்துக்கடா ராசையா."

எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. தண்டபாணியும் தலையாட்டித்தான் ஆகவேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தான் தண்டபாணி. சுடுகாட்டுக்குப் போய் வெள்ளியை மாற்றி வைத்துவிடலாமென்றால் வீடு நிறைய உறவு, யாராவது ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் அழுததைப் பார்த்து, அப்பா மேல் எவ்வளவு பாசம் என்று உச்சுக் கொட்டினார்கள்.

மறுநாள் பால் தெளிக்கப் போனார்கள். மாமாவே குச்சியால் சாம்பலைக் கிளறினார். வட்டமாக ஒன்று கரி படிந்து வந்தது. துடைத்தார். ராணி தலை. கல்லில் போட்டார்.

ணங்!

"வெள்ளிதான்! இப்ப இன்னாடா சொல்ற?"

ராசையா தலையைக் குனிந்துகொண்டான். "என் காதுதான் மந்தம் நைனா. மன்னிச்சுக்கோ."

தண்டபாணிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே அவன் புத்தியும் திரும்பி வந்தது.

"எங்கப்பன் பொணத்து முன்னால சந்தேகப்பட்டவனுக்குக் காசு ஒரு கேடா?" என்று மாமா கையிலிருந்து பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டான்.

"நாயம்தான்" என்றார்கள் நாலு பேர்.

மற்றவர்கள் முழுக்குப் போடக் கடல் பக்கம் நடந்ததும், தண்டபாணி பின்தங்கினான்.

"ஏதுடா இந்தக் காசு?"

"அத்த வுடு தம்பி. பெத்த புள்ளையே ஈயம் வச்சான்னு ஊரு பேசினா, போன மனுசனுக்குத்தான கேவலம்?"

"ஏதுன்னு கேட்டேன்."

ராசையா சாம்பலை ஒதுக்கிக்கொண்டே சொன்னான்.

"மூணு வருசத்துக்கு முன்ன, உங்கம்மா நெத்தியில உங்க நைனா வச்சது. விக்க மனசு வரல, வச்சிருந்தேன். அன்னிக்கு நான் தட்டிப் பாக்கல தம்பி."