நாலாம் நாற்காலிக் கோப்பை

"இந்தக் காலத்து ஆளுங்க மூக்கு முட்டத் தின்னுவாங்களாம். அப்புறம் ஒரு மடக்குப் பச்சிலைத் தண்ணியைக் குடிச்சுட்டு, எல்லாம் கரைஞ்சு போச்சுன்னு ஏப்பம் விடுவாங்களாம். நல்லா இருக்குய்யா கதை!"

வெல்டர் புலம்பினார். புலம்பினாரே தவிர, தட்டில் வெண்ணெய் சொட்டிய ரொட்டியிலும் பொரித்த முட்டையிலும் ஒரு பொட்டு மிச்சம் வைக்கவில்லை.

மருத்துவக் கல்லூரியின் நீள அறையில் எட்டு நாற்காலிகள். நாலாவதில் அவர், ஐந்தாவதில் ஒரு தையல்காரர். கொழுப்பான சாப்பாட்டுக்கு மேல் மூலிகைக் கஷாயம் குடித்தால், ரத்தத்தில் கொழுப்பு ஏறாமல் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. நாலு பேருக்குத்தான் நிஜக் கஷாயம். மற்ற நாலு பேருக்கு அதே நிறத்தில், அதே கசப்பில் வெறும் தண்ணீர். யாருக்கு எது என்ற சீட்டு ஒட்டிய உறைக்குள் இருந்தது.

அவரை இங்கே இழுத்து வந்தவள் மகள். "கஷாயம் வேலை செஞ்சுதுன்னா, ஆயுசுக்கும் டீயை விட்டுட்டு இதைத்தான் குடிக்கணும். சம்மதமாப்பா?"

"அது வேலை செய்யும்போது பாக்கலாம்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார். நாளைக்கு ஆறு டீ குடிக்கிற மனுஷன். இப்போது உள்ளுக்குள் உதறல். சனியன், வேலை செய்து தொலைத்துவிட்டால்? நாற்பது வருஷம் நெருப்போடு மல்லுக்கு நின்றவன், அரை டம்ளர் கஷாயத்துக்கு நடுங்குகிறானே என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

நர்ஸ் கோப்பைகளை வைத்துக்கொண்டே போனாள். அவர் முன்னால் வைக்கும்போது மட்டும் லேசாகச் சிரித்தாள். காரணமில்லாமல் யாரும் சிரிப்பதில்லை என்பது அவர் கட்சி. ஆக, நிஜக் கஷாயம் தனக்குத்தான்.

பிசுக்குக் கையைக் கழுவிவிட்டு வந்தார். மேசையில் இரண்டு சொட்டு சிந்தியிருந்தது. "ஒரு கோப்பையை ஒழுங்கா வைக்கத் தெரியல" என்று நர்ஸைத் திட்டினார்.

"நானும் கழுவிட்டு வந்துடறேண்ணே" என்று தையல்காரர் எழுந்தார்.

அவர் முதுகு மறைந்ததும், வெல்டர் இருவர் கோப்பைகளையும் இடம் மாற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. திரும்பி வந்த தையல்காரர் தேனைக் குடிப்பதுபோல் ஒரே மூச்சில் குடித்து, உதட்டை நக்கிக்கொண்டார். பாவம், அப்பாவி!

நாலு மணி நேரத்தில் நாலு தடவை ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் முடிவு வந்தது. தையல்காரருக்குக் கொழுப்பு எகிறியிருந்தது. "எனக்கு எப்படிம்மா ஏறும்? நல்லாப் பாருங்க!" என்று அவர் சண்டைக்கே போய்விட்டார்.

வெல்டருக்கு ஏறவே இல்லை. சோதனையை நடத்திய டாக்டரம்மா உறையைப் பிரித்தார். "ஐயா, நாலாம் நம்பருக்கு நிஜக் கஷாயம். எப்படிக் கேட்டிருக்கு பாத்தீங்களா!"

"டீத்தூளை இன்னைக்கே தூக்கிப் போடறேன்" என்றாள் மகள்.

"போடாதே, போடாதே!" வெல்டர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "நான் குடிச்சது வெறும் தண்ணி. தம்பி கை கழுவப் போனப்ப, கோப்பையை மாத்தி வச்சதே நான்தான்!"

டாக்டரம்மாவின் முகம் செத்துவிட்டது. "ஒரு நாள் வேலை ஐயா... எல்லாம் பாழ்."

"என் உடம்பு அப்படிம்மா. கஷாயமும் வேணாம், கத்திரிக்காயும் வேணாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு, கேன்டீன் டீ வாசனை வந்த பக்கமாக நடையைக் கட்டினார். பின்னாலிருந்து தையல்காரரின் அழுகைக் குரல் கேட்டது.

"அண்ணே! நீங்க கை கழுவப் போனப்பவே நான் மாத்தி வச்சுட்டேனே!"