மூடுபனிக்குக் கீழே

குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் தொடரில் யாரும் செத்துக் கிடப்பதைக் காட்டக்கூடாது. அதனால் சாக வேண்டியவர்கள் மலையிலிருந்து விழுவார்கள். வெள்ளைத் தூரிகை பள்ளம் முழுக்க மூடுபனியைத் தீட்டிவிடும்.

அன்று வில்லன் ஓநாயின் முறை. பென்சில் அதை மலை விளிம்பில் வரைந்து நிறுத்தியது.

"பனிக்குக் கீழே என்ன இருக்கு?" என்று ஓநாய் கேட்டது.

"ஒண்ணும் இல்லை. வெறும் காகிதம்தான்," என்றது பென்சில்.

"அப்போ, போன வாரம் நான் தள்ளிவிட்ட ஆமை?"

ஓநாயின் கால்களைப் பென்சில் விளிம்பில் உறுதியாகத்தான் ஊன்றி வரைந்திருந்தது. ஆனாலும் அவை ஓர் அடி பின்வாங்கின.

"கொஞ்சம் பொறு," என்று தூரிகையிடம் சொல்லிவிட்டுப் பென்சில் பள்ளத்துக்குள் இறங்கியது. அடியில் ஒரு வைக்கோல் போரை வரைந்தது. பக்கத்தில் ஆமையையும் வரைந்தது.

"எப்படியும் நான் மூடிடுவேனே, அப்புறம் எதுக்கு இது?" என்றது தூரிகை.

"மூடு. நல்லா அடர்த்தியா மூடு."

ஓநாய் விழுந்தது. திரைக்கு முன்னால் பிள்ளைகள் கைதட்டினார்கள். சத்தம் அடங்கும் முன்பே, இன்னும் விழுந்துகொண்டிருந்த ஓநாய்க்குப் பனிக்குள்ளிருந்து ஆமையின் குரல் மெதுவாகக் கேட்டது.

"வைக்கோல் இந்தப் பக்கம் இருக்கு, தள்ளி விழு. எனக்காவது முதுகில ஓடு இருந்துச்சு."