ஆமி வண்டி எக்சல்

"இதுவும் வேணாம் நானா. மேட்டுல ஏத்துனா பட்டுன்னு போயிரும்" என்று அந்தப் பின்சக்கர எக்சலைக் காலால் தள்ளிவிட்டார் மாடசாமி.

மஹ்ரூப் நானாவுக்குப் பொறுமை போய்விட்டது. பதுளையில் பதினெட்டு வருசமாகக் கராஜ் வைத்திருப்பவர், இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை. இரண்டு நாளில் இது மூன்றாவது எக்சல். லுணுகலையில் கிடைத்ததை மெலிசு என்றார், பண்டாரவளையில் கிடைத்ததைத் துரு என்றார்.

"அண்ணே, சாமான் கப்பல்ல வந்து எறங்கின காலமெல்லாம் முடிஞ்சிது. கெடைக்கிறத்தப் போட்டுக்கிட்டு ஓட வேண்டியதுதான். இது ஒரு வருசம் தாங்கும்."

"ஒரு வருசம் பத்தாதுங்க. ஆமி வண்டியில வருமே தடியா, அதுன்னா போடுங்க. இல்லாட்டி வேணாம்."

"அதுக்கு நான் எங்க போற? கேம்புக்குள்ள பூந்து களவெடுக்கவா?"

மாடசாமி பீடியைப் பற்றவைத்தார். இரண்டு ராத்திரி வண்டிக்குள்ளேயே படுத்ததில் அவர் முகம் சுருங்கிப் போயிருந்தது.

பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர் பிக்கப் டிரைவர். நாலு சக்கரமும் இழுக்கிற அந்தக் கிழட்டு வண்டியைத் தவிர வேறெதுவும் மலை உச்சியிலிருந்த மேல் டிவிசனுக்கு ஏறாது. ஞாயிற்றுக்கிழமை சேற்றில் பின் எக்சல் முறிந்தது. முன் சக்கரம் மட்டும் இழுக்க, ஆள் நடக்கிற வேகத்தில் பதுளைக்கு ஓட்டி வந்து சேர்த்தார்.

வியாழக்கிழமை கப்பலுக்குப் போகும் சாயந்தர ரயில் கோச்சிக்கு அதே மேல் டிவிசனிலிருந்து அவருடைய மகள் மருதாயியைப் பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் இறக்கியாக வேண்டும். மருமகன் குடும்பத்துக்கு இந்தியா என்று எழுதி வந்துவிட்டது. மாடசாமிக்கும் சம்சாரத்துக்கும் இங்கேயே, இலங்கைப் பிரஜாவுரிமை. இரண்டு நாட்டுக்காகவும் யாரோ இரண்டு பேர் எங்கேயோ உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள், இங்கே ஒரு வீடு இரண்டாகிவிட்டது. யாரிடம் போய் நியாயம் கேட்பது!

"வியாழக்கெழமைக்குள்ள வண்டி சரியாகலன்னா?" என்று கேட்டார் நானா.

"நாள மாத்தி எழுதித் தர்றேன்னு தோட்டத்துத் தொரை சொல்லியிருக்காரு. அடுத்த கப்பலுக்கு ஆறு மாசம் ஆகுமாம்."

"ஆறு மாசமா? யா அல்லாஹ்! செக்ரோல்ல பேரு வெட்டி வேலையும் போயாச்சி, சட்டி பானையெல்லாம் வித்தாச்சி. அதுவரைக்கும் அந்தப் புள்ளைகள் என்னத்தத் திங்கிற?"

"நான் வச்சுக் காப்பாத்த மாட்டேனா நானா?" என்றார் மாடசாமி. 

நானாவுக்கு மனசு கேட்கவில்லை. அவருக்கும் மூன்று பெண் பிள்ளைகள். 'பாவம் மனுசன், மக போற வழியில வண்டி முறிஞ்சிடக் கூடாதுன்னுதான் இந்தப் பாடு படுத்துறான்' என்று நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் மொனராகலைக்குப் போனார். அங்கே ஒரு கரும்புத் தோட்டக்காரர் ராணுவ ஏலத்தில் எடுத்த ஆமி வண்டியொன்று காட்டோரத்தில் கொடி படர்ந்து கிடந்தது. எக்சலைத் தரமாட்டேன் என்றார் மனிதர். நின்றுபோயிருந்த அவருடைய டிராக்டரை நானா பட்டினியோடு திருத்திக் கொடுத்த பிறகுதான் அவர் இறங்கி வந்தார். எக்சலைக் கழற்றி, ஒரு கரும்பு லொறியின் மேல் போட்டு, அதன்மேல் தானும் உட்கார்ந்து பதுளைக்கு வந்தார் நானா. இடுப்பு கழன்றுவிட்டது.

அதைப் பார்த்ததும் மாடசாமி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கியர் பல்லுக் கணக்கு ஒத்து வருமா நானா? முன்னுக்கு ஒண்ணு பின்னுக்கு ஒண்ணுன்னா இழுக்காதே?"

"எண்ணிப் பாத்துட்டுத்தான் கழட்டினேன்."

"நம்ம ஸ்பிரிங் அதுல உக்காராதே?"

"வெட்டி ஒட்டுவேன். பேசாம அந்த ஜாக்கிய எடுங்க."

வியாழக்கிழமை விடிந்ததும் வேலை தொடங்கியது. வெட்டினார், ஒட்டினார், தட்டினார். நடுவில் இரண்டு தடவை வண்டிக்கடியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். மாடசாமி ஒரு ஸ்பானரை எடுத்து வரக் கால் மணி நேரம் எடுத்தார். களைப்பு, வேறென்ன.

பகல் பன்னிரண்டுக்கு வண்டி கீழே இறங்கியது. நானா அதைக் கராஜுக்குப் பின்னாலிருந்த செங்குத்து மேட்டில் ஏற்றி இறக்கிக் காட்டினார். ஒரு முனகல் இல்லை.

"இனி யானைய ஏத்தினாலும் முறியாது. நேரம் நல்லா இரிக்கி. ஏறுங்க அண்ணே, போய் மகளக் கோச்சியில ஏத்தி விடுங்க!"

சாவியைக் கையில் வாங்கிய மாடசாமி ஏறவில்லை. வண்டியின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின.

நானாவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினார்.

"சே, என்ன அண்ணே இது? ஒரு எக்சல் தேடித் தந்ததுக்கெல்லாமா அழுற? நீங்க கேட்டத்தத்தானே கொண்டாந்தேன்?"

மாடசாமி தலையை நிமிர்த்தவில்லை.

"இந்த ஊவா மாகாணம் முழுக்கத் தேடுனாலும் கெடைக்காதுன்னு நம்பித்தான் நானா அதக் கேட்டேன்!"